பாலம் தாண்டாத சத்தம்

பறிமுதல் செய்த தப்பட்டையை ஏற்றிக்கொண்டு போலீஸ் ஜீப் வாய்க்கால் பாலத்தின் நட்டநடுவைத் தாண்டிய அந்தச் சாயங்காலம், தப்பட்டை ஜீப்போடு போய்விட்டது, அதன் சத்தம் மட்டும் பாலத்திலேயே இறங்கிக்கொண்டது. இறங்கிய சத்தம் கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரோரம் நின்றுவிட்டு, வந்த வழியே செங்காட்டுப்புதூருக்குள் திரும்பி நடந்தது. ஆடு பத்திக்கொண்டு வந்தவர்களும் பனியன் கம்பெனி வேனிலிருந்து இறங்கியவர்களும் ஒதுங்கி அதற்கு வழிவிட்டார்கள். ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. காப்புக் கட்டினது எதுவானாலும் கம்பம் பிடுங்குகிற வரைக்கும் ஊரெல்லையைத் தாண்டக் கூடாது, வாய்க்கால்தான் எல்லை, இது புதூரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தப்பட்டைக்குக் காப்புக் கட்டியிருந்தது. தோலையும் சட்டத்தையும் போலீஸ்காரர்கள் தூக்கிப் போட்டுக்கொண்டு போகலாம், சத்தத்தை எப்படி ஏற்றுவார்கள் என்று பேசிக்கொண்டே அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அந்த ஜீப்பை வரவழைத்தவள் கலாமணி. மாரியம்மன் கோயில் திடலுக்கு நேரெதிரே சின்னதொரு தார்சுக் கூரை வீட்டில் குடியிருந்தாள். பாலத்துக்கு அந்தப்பக்கம் பேட்டையில் இருக்கிற அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், அதிலும் வருசக்கணக்காக ராத்திரி ஷிஃப்ட். புருசன் திருப்பூரில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். காலையில் வீடு வந்து, குளித்து, நாலு வாய் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால் நாலு மணிக்கு எழுந்திருப்பாள், அந்தத் தூக்கத்தை வைத்துத்தான் பிரசவ வார்டில் விடிய விடிய அவளால் நிற்க முடியும். திடலில் கம்பம் நட்ட நாளிலிருந்து அந்தத் தூக்கம் போயிற்று. காலையில் பெண்கள் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற வரும்போது ஓர் ஆட்டம், உச்சியில் ஓர் ஆட்டம், பொழுதுசாய ஓர் ஆட்டம், இடைவெளியில் லீவு விட்ட பையன்கள் அடவு பழகுகிறோம் என்று ஓர் ஆட்டம். ஜன்னலைச் சாத்தினாள், காதில் பஞ்சு வைத்தாள், கட்டிலை விட்டுச் சமையலறைத் தரையில் படுத்துப் பார்த்தாள். தரை வழியாகவும் வந்தது.

பிறகு ஒரு ராத்திரி, கண்ணில் மணல் அள்ளிப் போட்டாற்போல இருந்த நேரத்தில், பக்கத்துக் கட்டில்காரிக்குப் போட வேண்டிய ஊசியை எடுத்துப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியின் கை வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். "அக்கா, எனக்கு இப்பத்தானுங்க போட்டீங்க" என்று அந்தப் பெண் சொல்லாமலிருந்தால் போட்டேயிருப்பாள். ஊசியைக் குப்பையில் எறிந்துவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கையைக் குழாயடியில் நீட்டிக்கொண்டு நின்றாள். காலையில் வீட்டுக்குப் போகவில்லை, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அவள் செய்தது தப்பென்று இந்தக் கதை சொல்லாது. தூக்கம் கேட்பது குற்றமென்றால் நாமெல்லாம் ஜெயிலில்தான் இருக்க வேண்டும்.

திடலுக்குப் பின்னால் புதிதாக எழும்பியிருந்த சாந்தவனம் அடுக்குமாடிக்காரர்கள் மாடி மாடியாக மனு எழுதியும் அசையாத ஸ்டேஷன், யூனிஃபார்மோடு ஒரு நர்ஸ் வந்து நின்றதும் அசைந்துவிட்டது. ஆய்வாளர் தனபாலன் திடலுக்கு வந்து அனுமதியைக் காட்டச் சொன்னார். புதூரில் அனுமதி என்பது வருசா வருசம் வாயால் கேட்டு வாயால் வாங்குவது. வாயைக் காட்ட முடியுமா? "எடுறா அதை" என்று, அடித்துக்கொண்டிருந்த தப்பட்டைக்காரர் அய்யாவு கையிலிருந்து பாதி அடியில் குச்சியைப் பிடுங்கினார். தள்ளுமுள்ளில் சோடா பாட்டில் ஒன்று உடைந்து அய்யாவின் வெறுங்காலில் ஏறியது. காப்புக் கட்டினவர் செருப்புப் போடக் கூடாது.

அந்தக் காப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். முக்கவராக வெட்டிய வேப்பங்கிளையை அம்மனின் புருசன் என்று சொல்லித் திடலில் நட்டு, அதுதான் கம்பம், அதற்கும் பூசாரிக்கும் ஊர்க் கவுண்டர்கள் நாலு பேருக்கும் மஞ்சள் நூல் கட்டுவது புதூர் வழக்கம். கம்பத்தைச் சுற்றி ஊரே ஆடும். ஆடுவதற்கு அடிப்பது வாய்க்கால்மேட்டுத் தெரு அய்யாவும் அவர் ஆட்களும். அடிக்கிற கைக்கு மட்டும் காப்புக் கிடையாது. ஏன் என்று கேட்டால் வழக்கம் என்பார்கள், வழக்கம் என்று சொன்னபிறகு மேற்கொண்டு கேட்கக் கூடாது என்பதும் வழக்கம். இந்த வருசம் அய்யாவு கேட்டார். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையை நீட்டிவிட்டு மடக்காமல் நின்றார். பூசாரி நஞ்சப்பன் சாமர்த்தியக்காரர், யாருக்கும் மனம் நோகாத வழி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துத் தப்பட்டைக்கு நூலைச் சுற்றினார்.

"இதாச்சல்லொ அய்யாவு? தப்பட்டையும் நீயும் ஒண்ணுதான?"

"ஒண்ணுன்னா கைக்குங் கட்டறதுல உங்களுக்கென்னங்க சாமி கஷ்டம்?"

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. வெயில் ஏறியது, பால்குடம் எடுத்த பெண்கள் முனக ஆரம்பித்தார்கள், கடைசியில் பூசாரி அந்தக் கைக்கும் கட்டினார். இப்படித்தான் எந்தக் காலத்திலும் இல்லாமல் ஒரு தப்பட்டைக்குக் காப்பு ஏறியது. மனுசனுக்குக் கட்ட மனமில்லாமல் மரச் சட்டத்துக்குக் கட்டினால் என்ன ஆகும் என்று பூசாரி யோசிக்கவில்லை.

சத்தம் ஊருக்குள் திரும்பிய மறுநாள் காலை கலாமணி வீட்டுக் கதவைத் திறந்தபோது அது உள்ளே இருந்தது. கவிழ்த்து வைத்த குடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, இடம் மாறிப் படுத்த மாடு பெருமூச்சு விடுவதுபோல் மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பழி வாங்க வந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. பயப்படவில்லை, கோபம்தான் வந்தது. கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் குடத்தின் எதிரே நின்று பேசினாள்.

"இந்தா, கேளு. நான் பத்து மணிக்குப் படுத்தா நாலு மணி வரைக்கும் தூங்கோணும். தூங்கலீன்னா அங்க ஒருத்தி வகுத்துப் புள்ளையோட போய்ச் சேந்துருவா. உனக்கு ஆடோணும்னா நாலு மணிக்கு மேல ஆடிக்கோ. நான் வேண்டாங்கல."

சத்தம் சரியாகப் பத்து மணிக்கு நின்றது, நாலு மணிக்குக் குடத்தை லேசாகத் தட்டி அவளை எழுப்பிவிட்டு வெளியே போனது. மறுநாளும் அப்படியே. பேச்சென்றால் பேச்சு. இத்தனை வருசத்தில் கலாமணி பார்த்த மனுசர்களில் இப்படிச் சொன்னபடி நடந்துகொண்டவர்கள் கையில் எண்ணுகிற அளவுதான்.

விசயம் பேக்கரிக்குப் போனது, பேக்கரிக்குப் போனால் ஊருக்குப் போன மாதிரி. சத்தத்திடம் சொன்னால் கேட்கிறது என்று தெரிந்ததும் எல்லோரும் சொல்ல ஆரம்பித்தார்கள். காலேஜ் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளின் அம்மாக்கள் விடியற்காலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், கைக்குழந்தைக்காரிகள் மத்தியானத்தைக் கேட்டார்கள், அதிலும் ஒருத்தி தன் பிள்ளை சத்தமிருந்தால்தான் தூங்குகிறது என்று அதைத் தொட்டிலடியில் வந்து இருக்கச் சொன்னாள். சாந்தவனத்துச் செயலாளர் பத்மநாபன் முதலில் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தார், சத்தம் அசையவில்லை. பிறகு அவர் வீட்டில் சமைக்கிறவள், "ஏனுங்க, அதுகிட்டயும் மெரட்டற மாதிரியேவா பேசறது, தன்மையாச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொடுத்தாள். தன்மையாகச் சொன்னார், அவர் அம்மா ஸ்தோத்திரம் சொல்கிற நேரம் அவருக்குக் கிடைத்தது. மீதி நேரத்தில் அது தறிக்கூடங்களுக்குப் போனது, தறிகள் கம்பத்தாட்டத் தாளத்தில் ஓடின, தறியிலிருந்து வந்த சேலைகளின் கரை லேசாக அலையடித்தது, கடைக்காரர்கள் அதையே புது டிசைன் என்று விற்றார்கள். பேக்கரியில் டீ கிளாஸ்கள் தட்டோடு தட்டு இடித்துத் தாளம் போட்டன. பஸ் பாலத்தை நெருங்கும்போது, "சத்தமெல்லாம் எறங்கிக்கோ" என்று கண்டக்டர் குரல் கொடுப்பது வாடிக்கையானது.

எல்லாம் சரிதான், கம்பம் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. கம்பம் நிற்கிற வரைக்கும் ஊருக்குள் தாளிக்கக் கூடாது, கல்யாணம் கூடாது. வைகாசி பிறந்து முகூர்த்தங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. கடுகு வெடிக்காத குழம்பைத் தின்று தின்று புதூர்க்காரர்களின் நாக்குச் செத்துவிட்டது; சாந்தவனத்துக்காரர்கள் இதெல்லாம் எங்களுக்குக் கிடையாது என்று முதலில் சிரித்தார்கள், சமைக்கிற பெண்கள் எல்லாம் புதூர்க்காரிகள், தாளிக்க மாட்டோம் என்றுவிட்டார்கள், சிரிப்பு நின்றது.

இதற்கு நடுவில் ஊர் நொண்ட ஆரம்பித்தது. ஒருவருக்கும் தெரியவில்லை. சத்தம் மூன்றாவது அடியில் கொஞ்சம் பிந்தியது, தறி பிந்தியது, தண்ணீர்க் குடத்தோடு வருகிற பெண்கள் ஒரு காலை ஊன்றி ஒரு காலை இழுத்து நடந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அப்படியே நடந்தார்கள், இதுதான் நம் நடை என்று ஊர் எடுத்துக்கொண்டது. கலாமணி வார்டில் நடையைப் பார்த்தே நோவைச் சொல்கிறவள். ஒரு சாயங்காலம் வாசலில் நின்று தெருவையே பார்த்தாள். இது ஊருடைய கால் இல்லை, வேறு யாருடையதோ கால் என்று பட்டது. யாருடையது என்று சத்தத்திடம் கேட்டாள். அது முன்னால் நடந்து வாய்க்கால்மேட்டுத் தெருவுக்குக் கூட்டிப்போனது.

அய்யாவு கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். சர்க்கரை உடம்பு, கண்ணாடிச் சில்லு ஏறின புண் ஆறவேயில்லை. அவர் மனைவி துளசாள் கலாமணியை உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

"எழுதிக் குடுத்தது நீங்கதானுங்களே?"

"நாந்தானுங்க அக்கா. காலைப் பாக்க வந்தேன்."

துணியை அவிழ்த்ததும் வாடை அடித்தது. ரெண்டு விரல் கறுத்திருந்தன. கலாமணி கழுவினாள், மருந்து வைத்தாள், கட்டினாள், கட்டி முடித்துவிட்டு, "இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகோணுங்ணா" என்றாள்.

"பாலந் தாண்ட மாட்டனுங்க நர்சம்மா."

"நூலை வெட்டிட்டுப் போலாம். கத்திரி வெச்சிருக்கேன்."

அய்யாவு கையை மார்போடு சேர்த்துக்கொண்டார். "எங்கப்பன், அவுங்கப்பன், அத்தன பேரும் அடிச்ச கைக்கு மொதத் தடவையா இப்பத்தானுங்க கட்டியிருக்காங்க. அரையுங் கொறையுமா நானே அவுத்துட்டு ஓடினன்னு வெய்ங்க, அடுத்த வருசம் எவனாச்சும் கட்டுவானா? கால் போனாப் போகட்டும். கட்டினவங்களே வந்து, எல்லாத்துக்கும் முன்னால, மொறையா அவுக்கோணும்."

கலாமணி கத்திரியைப் பைக்குள் போட்டாள். கட்டிலடியில் சத்தம் படுத்திருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றார் அய்யாவு. "ஸ்டேஷனுக்குப் போனதுக்கு, நாலு தெரு தள்ளி இங்க வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்களா?"

"மாட்டனுங்க" என்றார். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துளசாளுக்கு மட்டும் வரவில்லை.

அன்றிலிருந்து கலாமணி தினமும் வந்து கட்டு மாற்றினாள். தெரிந்த டாக்டர் ஒருவரைக் கையைக் காலைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினாள். கத்தி வைக்க வேண்டும், கட்டிலில் வைத்துச் செய்கிற காரியமில்லை, இன்னும் ரெண்டு மூன்று நாள் போனால் காலோடு நிற்காது என்று சொல்லிவிட்டு அவர் போனார். பிள்ளைத்தாய்ச்சிகளைக் காப்பாற்றத்தானே தூக்கம் கேட்டேன், அதற்கு விலையாக இந்த மனுசன் சாகப் போகிறாரா என்று கலாமணி நினைத்துக்கொண்டாள். ஊசி எடுத்த அந்த ராத்திரியைவிட இது பெரிய பயமாக இருந்தது.

கல்யாணம் நின்றுபோன வீட்டுக்காரர்கள் போட்ட கூப்பாட்டில் சமுதாயக் கூடத்தில் அமைதிக் கூட்டம் கூடியது. ஆய்வாளர் தனபாலன் மேடையில் உட்கார்ந்தார். சத்தமும் வந்து கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தது, நாற்காலி லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"இப்ப இருக்கற சத்தம் நின்னாத்தான் அனுமதி குடுக்க முடியும். மேலிடத்துல கேட்டாச்சு" என்றார் தனபாலன்.

"கம்பத்தப் புடுங்கினாத்தானுங்க சத்தம் நிக்கும்" என்றார் பூசாரி.

"புடுங்குங்க. யாரு வேண்டான்னா?"

"காப்புக் கட்டின தப்பட்டைய அடிச்சுத்தானுங்க கம்பத்தத் தொடோணும்."

"அது கேஸ் பொருள். கேஸ் முடிஞ்சாத் தருவோம்."

"கேஸ் எப்பங்க முடியும்?"

"சத்தம் நின்னுருச்சுன்னு நான் எழுதினா முடியும்."

கடைசி வரிசையில் ஒரே ஒரு அடி விழுந்தது, அதுவும் பிந்தி விழுந்தது. கலாமணி எழுந்து நின்றாள். "புகார் குடுத்தவ நானுங்க சார். நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"ஏம்மா, நீ நெனச்சாக் குடுக்கறதுக்கும் நெனச்சா வாங்கறதுக்கும் இது பக்கத்து வீட்டு உரலா? குடுத்ததோட உன் வேலை முடிஞ்சுது. உக்காரு."

கலாமணி உட்காரவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அப்படியே டியூட்டிக்குப் போனாள். அன்று ராத்திரி மூன்று பிரசவம் பார்த்தாள், மூன்றும் சுகம். விடிந்ததும் வெள்ளைப் புடவையைக்கூட மாற்றாமல் ஸ்டேஷனுக்குப் போனாள். மூலையில், பழைய டயர்களுக்கும் உடைந்த நாற்காலிக்கும் நடுவில், தப்பட்டை சாத்தி வைத்திருந்தது. மஞ்சள் நூல் அழுக்காகியிருந்தது.

"அது என்னங்க சார்?"

"தெரியாதா? தப்பட்டை" என்றார் தனபாலன்.

"அடிச்சுக் காட்டுங்க."

அவர் எரிச்சலோடு லத்தியால் தட்டினார். சத்தமில்லை. ஓங்கி அடித்தார். காற்றை அடித்ததுபோல் இருந்தது. மரத்தில் மரம் படுகிற சின்னச் சத்தம்கூட இல்லை. எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை மூடி வைத்துவிட்டுப் பார்த்தார், லாக்கப்பில் இருந்தவன் கம்பிக்கு முகத்தைக் கொடுத்துப் பார்த்தான்.

"இதக் கொண்டுபோய்க் கோர்ட்ல வெச்சு, இதுதானுங்கய்யா ஊர்த் தூக்கத்தையே கெடுத்துதுன்னு சொல்லுவீங்களா சார்? எங்கே அடி பாக்கலாம்னு ஜட்ஜு சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுக்கொண்டே கலாமணி போய்த் தப்பட்டையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வெய்யிம்மா கீழ. கேஸ் ஆயிரும்."

"ஆகட்டுங்க. வீடு தெரியுமல்ல? வந்து புடிச்சுக்கங்க. பத்து மணிக்கு மேல மட்டும் வராதீங்க, தூங்கிட்டிருப்பேன்."

தனபாலன் ஏட்டைப் பார்த்தார். ஏட்டுப் புதூர்க்காரர், கடுகு வெடித்த குழம்பைக் கண்டு மாசக்கணக்கானவர். எழுந்து போய், அவள் போவதற்கு வசதியாகக் கதவை அகலத் திறந்துவிட்டு, காற்று வரட்டும் என்றார்.

பாலத்தின் நட்டநடுவில் சத்தம் காத்துக்கொண்டிருந்தது. தப்பட்டை எல்லைக்கோட்டைத் தொட்டதும் ஏறிக்கொண்டது. அத்தனை வழியும் வெறும் தோலாக வந்தது, துண்டில் சுற்றிய பிள்ளையைக் கையில் வாங்கும்போது ஒரு கனம் தெரியுமே, அந்தக் கனத்துக்கு வந்தது. கலாமணிக்கு அந்தக் கனம் நன்றாகத் தெரியும். கண்ணில் தண்ணீர் வந்தது, ரெண்டு கையாலும் தப்பட்டையைத் தாங்கியிருந்ததில் துடைக்கக் கை ஒழியவில்லை, அப்படியே நடந்தாள். தெருத் தெருவாக ஜனங்கள் பின்னால் சேர்ந்தார்கள், எல்லோரும் நொண்டிக்கொண்டே வந்தார்கள். பூசாரி தேங்காயோடு ஓடிவந்தார். இப்போதே ஆரம்பித்துவிடலாம் என்று கூட்டம் கத்தியது.

கலாமணி வாசற்படியில் ஏறி நின்று திரும்பினாள். "மணி பத்தாகப் போகுது. எனக்குத் தூங்கோணும். நாலு மணிக்கு வெச்சுக்கலாம்."

சொல்லிவிட்டு உள்ளே போய்த் தப்பட்டையைக் கட்டிலோரம் சாத்திவைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

புதூர் அன்று பட்ட பாடு சொல்லி முடியாது. தறிகளை நிறுத்தினார்கள். பேக்கரியில் கிளாஸ் கழுவாமல் பேப்பர் கப்பில் டீ கொடுத்தார்கள். மிக்ஸி ஓடவில்லை, பைக்குகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள், குரைத்த நாயை ஒரு பெரியவர் மடியில் போட்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சாந்தவனத்தில் பத்மநாபன் மாடி மாடியாக ஏறி லிஃப்டுக்கு மணியடிக்காமல் செய்துவிட்டு வந்தார். திடலில் ஊர் மொத்தமும் பேசாமல் வெயிலில் குந்திக்கொண்டு ஒரு சாத்திய ஜன்னலைப் பார்த்திருந்தது. வாய்க்கால்மேட்டிலிருந்து அய்யாவை நாற்காலியோடு தூக்கிவந்து கம்பத்தடியில் வைத்தார்கள்; காய்ச்சலில் உடம்பு அனலாகக் கொதித்தது, துளசாள் ஈரத் துண்டால் துடைத்துக்கொண்டேயிருந்தாள். கலாமணி தூங்கினாள். அப்படி ஒரு தூக்கம் அவள் பிறந்த வீட்டில்கூடத் தூங்கியதில்லை.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, தப்பட்டையை அய்யாவின் மடியில் வைத்தாள். அவர் அடித்தார். முதல் அடி சரியாக விழுந்தது, ரெண்டாவது சரியாக விழுந்தது, மூன்றாவது அடி பிந்தாமல் விழுந்ததும் ஊரின் கால் நேரானது. ஆண்கள் ஆடினார்கள், பெண்கள் ஆடினார்கள், கல்யாணம் நின்றுபோன பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே நின்று ஆடினார்கள், பத்மநாபன் பேண்டைச் சுருட்டிக்கொண்டு தப்புத் தப்பாக ஆடினார், கூச்சமே படவில்லை. பிறகு கம்பத்தைப் பிடுங்கினார்கள். பூசாரி நஞ்சப்பன் தப்பட்டையின் நூலை அவிழ்த்தார், கவுண்டர்களின் நூலை அவிழ்க்கும் அதே இடத்தில், அதே தட்டை நீட்டி, ரெண்டு கையாலும் அய்யாவின் கையைப் பிடித்து, அத்தனை பேருக்கும் முன்னால் அந்த நூலையும் அவிழ்த்தார். அய்யாவு அந்தக் கையை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு சத்தமாக அழுதார். கம்பம் வாய்க்காலில் விழுந்தபோது, ஊரிலுள்ள அடுப்பு அத்தனையிலும் ஒரே நேரத்தில் கடுகு வெடித்தது.

வாசனையைப் பிடிக்க யாரும் நிற்கவில்லை. ஆட்டோவில் அய்யாவை ஏற்றி, துளசாள் ஒரு பக்கமும் கலாமணி ஒரு பக்கமும் தாங்கிக்கொள்ள, தப்பட்டை அவர் மடியிலேயே இருக்க, வண்டி பாலத்துக்குப் பறந்தது. பாலத்தின் குறுக்கே ஜீப் நின்றிருந்தது. தனபாலன் இறங்கி வந்தார்.

"எறங்கு எல்லாம். யாரைக் கேட்டு அடிச்சீங்க? எவன் அனுமதி குடுத்தது?"

"நாந்தானுங்க சார் குடுத்தேன்" என்றாள் கலாமணி.

"அனுமதி குடுக்க நீ யாரும்மா?"

"எதுத்த வீட்டுக்காரி." ஆட்டோவிலிருந்து இறங்காமலே சொன்னாள். "தூக்கம் கெட்டது எனக்கு. கெடுத்தது இவரு. நாங்க பேசி முடிச்சுக்கிட்டோம். என்ற புகாரை வெச்சுட்டு நீங்க என்ன வேணா பண்ணிக்கங்க, வண்டிய எடுங்க, ஆளு போயிட்டிருக்காரு."

தனபாலன் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னால் ஜீப் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது; ஏட்டு ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வண்டியைப் பின்னுக்கு எடுத்து ஓரங்கட்டினார். பாலத்தில் இப்போது ஆய்வாளர் மட்டும் நின்றார், ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்தவும் அவரும் ஒதுங்கினார்.

நட்டநடுவில் தப்பட்டை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது, அவ்வளவுதான், தாண்டிவிட்டது. அய்யாவு கண்ணைத் திறந்தார்.

"அடிக்கட்டுங்களா நர்சம்மா?"

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அடிங்ணா. உள்ள புள்ளைங்க தூங்கும்."

பேட்டைக் கடைவீதி முழுக்க அவர் அடித்துக்கொண்டே போனார். போலீஸ் ஸ்டேஷனைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் பலமாகவே அடித்தார்.